உரமும் கானும்: வட்டகொடை மலைச்சரிவில் மண்ணின் வரலாறு

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்ரனுக்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துள்ளது வட்டகொடைப் புகையிரத நிலையம். 1885ஆம் ஆண்டில் இருப்புப்பாதை நாணுஓயா வரை நீட்டப்பட்டபோது இப்பகுதி கொழும்புத் துறைமுகத்தோடு இணைக்கப்பட்டது. கோப்பியை ஏற்றிச் செல்வதற்கென்று தோட்டத் துரைமார் வற்புறுத்திக் கேட்ட பாதை இது. பாதை வந்து சேர்ந்தபோது கோப்பி ஏறக்குறைய மடிந்திருந்தது. அதன் இடத்தில் தேயிலை வேரூன்றிக்கொண்டிருந்தது. அன்று தொட்டு இன்று வரை இச்சரிவுகளில் தேயிலையே தலையாய பயிராக நிலைத்து வந்துள்ளது.

பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் மூலதனத்தையும் ஏற்றுமதியையும், தொழிலாளரின் வருகையையும் குடியுரிமைப் பறிப்பையும் விரிவாக எழுதியுள்ளனர். இவை அனைத்தையும் தாங்கி நின்ற மண்ணுக்கு இந்நீண்ட காலத்தில் யாது நேர்ந்தது என்னும் வினா போதிய கவனத்தைப் பெறவில்லை. ஒரே சரிவில், ஒரே பயிர், தலைமுறை தலைமுறையாக நிற்கும்போது மண்ணின் வளம் எவ்வாறு பேணப்பட்டது? உரம் அதற்கு எந்த அளவுக்குத் துணை நின்றது? மழைநீர் எவ்வழி ஓடியது? இவ்வினாக்களுக்கு வட்டகொடையையும் அதனை அடுத்துள்ள திம்புளைப் பிரதேசத்தையும் முன்வைத்து விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுழற்சியும் அதற்கு மாற்றும்

ஒரே நிலத்தில் ஒரே பயிரை இடையறாது செய்தல் கேடு பயக்கும் என்பது பண்டைய உழவர் அனைவரும் அறிந்திருந்த உண்மை. தஞ்சை வயல்களில் நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும் விதைக்கப்பட்டமையும், புன்செய்க் காடுகளில் சோளத்தோடு அவரை, துவரை முதலியன மாறிமாறி இடம்பெற்றமையும் இவ்வறிவின் வெளிப்பாடுகளே. அவரையினப் பயிர்கள் காற்றிலுள்ள நைதரசனை வேர்முடிச்சுகளின் வழியாக மண்ணிற் சேர்க்கின்றன. பயிர் மாறும்போது ஒரு பயிருக்குரிய பூச்சியும் நோயும் உணவின்றி ஒடுங்குகின்றன. வேர்களின் ஆழமும் அமைப்பும் மாறுவதால் மண் இறுகாது நீரை உள்ளே விடுகின்றது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்த தொழிலாளர் இத்தகைய வேளாண்மை மரபிலிருந்து வந்தவர்களே.

ஐரோப்பாவிலும் சுழற்சிமுறைப் பயிர்ச்செய்கை வேளாண்மையின் அடித்தளமாக இருந்தது. அதற்கு உரம் மாற்றாகுமா என்பதைச் சோதிக்க முனைந்தவர் இங்கிலாந்தின் உறொதம்ஸ்ரெட்டைச் சேர்ந்த ஜோன் பெனற் லோஸ். 1843ஆம் ஆண்டில் அவரும் இரசாயனவியலாளர் கில்பேட்டும் புறோட்போக் வயலில் ஆண்டுதோறும் கோதுமையையே விதைத்து, வெவ்வேறு பாத்திகளுக்கு வெவ்வேறு உரங்களை இட்டனர். உரமிடாத பாத்திகளில் விளைச்சல் தாழ்ந்தே நின்றது. தகுந்த உரம் இட்ட பாத்திகளில் சுழற்சி இன்றியே நல்ல விளைச்சல் கிடைத்தது. உரம் இருப்பின் சுழற்சி வேண்டியதில்லை என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவுவதற்கு இச்சோதனை ஒரு காரணமாயிற்று.

அதே வயல் மற்றொரு பாடத்தையும் கற்பித்தது. 1849இல் பாத்திகளின் அடியில் வடிகால் ஓடுகள் புதைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவற்றின் வழியே வடிந்த நீரைச் சோதித்தபோது, அமோனியம் உப்புகள் இடப்பட்ட பாத்திகளின் நீரில் நைத்திரேற்று மிகுதியாகக் காணப்பட்டது. இட்ட உரத்தில் ஒரு பங்கு பயிரைச் சேராது வடிகாலில் போயிற்று என்பது இதனாற் புலனாயிற்று. உரமும் வடிகாலும் ஒன்றோடொன்று பிணைந்த பொருள்கள் என்னும் இவ்வுண்மை, ஆண்டில் பெரும்பகுதி மழை பெறும் மலைச்சரிவுகளுக்கு இங்கிலாந்தின் சமவெளியைக் காட்டிலும் பன்மடங்கு பொருந்துவதாகும்.

கோப்பி விட்டுச்சென்ற கடன்

திம்புளைப் பிரதேசம் கோப்பிப் பயிர்ச்செய்கையின் பிந்திய கட்டத்திலேயே பெருமளவில் திறக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்டமுடியாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாக ஆக்கியது. அந்நிலங்கள் குறைந்த விலைக்குத் தோட்டக்காரரின் கைக்கு மாறின. காடு வெட்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, தீயிடப்பட்டது. பன்னெடுங்காலம் இலைச்சருகு மக்கிச் சேர்ந்த கரிய மேல்மண்ணும், எரிந்த காட்டின் சாம்பலும் கோப்பிக்கு முதல் சில ஆண்டுகளில் பெருவிளைச்சலை அளித்தன. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது.

அன்றைய தோட்டக்காரர் களையற்ற வெற்று நிலத்தையே நல்ல நிர்வாகத்தின் அடையாளமாகக் கருதினர். சுரண்டி என்னும் கருவியால் புல் பூண்டுகள் மண்ணோடு சேர்த்துச் செதுக்கப்பட்டன. மூடாக்கு இழந்த செங்குத்தான சரிவில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்கியது. தளர்ந்த மேல்மண் ஓடைகளுக்கும், ஓடைகளிலிருந்து கொத்மலை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலி கங்கைக்கும் சென்று சேர்ந்தது.

இக்கேட்டை அக்காலத்தவர் முற்றாக உணராதிருந்தனர் என்றல் பொருந்தாது. கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராகிய ஜோசப் ஹூக்கர் 1873இல் வழங்கிய ஆலோசனையை அடுத்து, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிப்பதற்குக் குடியேற்ற அரசு தடை விதித்தது. கிரேட் வெஸ்ரன் மலைத்தொடரின் மேற்பகுதியில் இன்றும் காடு காணப்படுகின்றது. அக்கோட்டுக்குக் கீழே அமைந்த வட்டகொடைச் சரிவுகளுக்கு அத்தகைய காப்பு இருக்கவில்லை. ஒரே மழை, ஒரே மலை. ஒரு கோட்டுக்கு மேலே காடு, கீழே வெற்று மண் என்ற நிலை உருவாயிற்று.

விளைச்சல் தளர்ந்தபோது தோட்டக்காரர் உரத்தை நாடினர். மாட்டெரு, எலும்புத்தூள், ஆமணக்கம் புண்ணாக்கு முதலியன இடப்பட்டன. எருவுக்காகவே மாடுகளும், மாடுகளுக்காகப் புல்லும் தோட்டங்களில் வளர்க்கப்பட்டன. கோப்பித் தோட்டக்காரரின் சங்கம் ஜோன் ஹியூஸ் என்னும் இரசாயனவியலாளரைக் கொண்டு கோப்பி மண்ணையும் உரத்தையும் பற்றி ஆராய்வித்தது. அவருடைய அறிக்கை 1879இல் வெளிவந்தது. ஆயின் 1869இல் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய்க்கு எவ்வுரமும் மருந்தாகவில்லை. மலைநாடு முழுவதும் ஒரே பயிரால் மூடப்பட்டிருந்தமையே அந்நோய் தடையின்றிப் பரவ வழிவகுத்தது.

கோப்பிக்குப் பின் சிங்கோனா சில ஆண்டுகள் கைகொடுத்தது. சந்தையில் அது மிகையாகக் குவிந்து விலை வீழ்ந்ததும் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் 1890களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஏக்கரை எட்டியது. கோப்பி, சிங்கோனா, தேயிலை என்னும் இவ்வரிசை மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சுழற்சி போலத் தோன்றலாம். உண்மையில் ஒரு பயிரும் அடுத்த பயிருக்கென மண்ணில் எதனையும் விட்டுச் செல்லவில்லை. நோயும் விலையுமே பயிரை மாற்றின. கோப்பி அரித்துச் சென்ற மண்ணின் மிச்சத்திலேயே தேயிலை நடப்பட்டது.

மௌனமான சாட்சி

தேயிலைச் செடி ஐம்பது ஆண்டுக்கும் மேல் நின்று பயன் தருவது. ஆண்டுதோறும் பயிரை மாற்றும் வாய்ப்பு அதற்கில்லை. கொழுந்து பறிக்கப்படுந்தோறும் சத்து வெளியேறுகின்றது. உலர்ந்த தேயிலையில் ஏறக்குறைய 4 முதல் 5 வீதம் நைதரசன் உண்டு. எனவே ஒரு ஹெக்டேயரில் 1500 கிலோகிராம் தேயிலை உற்பத்தியாயின், ஆண்டுக்கு 60 முதல் 75 கிலோகிராம் நைதரசன் அந்நிலத்தை விட்டு நீங்குகின்றது. இவ்விழப்பை ஈடுசெய்வதற்குத் தொடக்கத்தில் முள்முருக்கு முதலான மரங்களின் குழை பயன்பட்டது. தேயிலையின் இடையே நடப்பட்ட இம்மரங்களை வெட்டிக் குழையை மண்ணில் இட்டமை, சுழற்சி செய்யவேண்டிய பணியில் ஒரு பகுதியை நிறைவேற்றியது எனலாம். பின்னர் அமோனியம் சல்பேற்று வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தேயிலைக்குரிய தலையாய நைதரசன் உரமாக அதுவே விளங்கியது.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. தலவாக்கலையில், வட்டகொடைக்கு அயலிலுள்ள சென்ற் கூம்ஸ் தோட்டம் அதன் நிலையான இருப்பிடமாயிற்று. அங்கு வேளாண் இரசாயனவியலாளராகப் பணியாற்றிய தோமஸ் ஈடன், உறொதம்ஸ்ரெட்டில் புள்ளிவிபரவியலாளர் பிஷருடன் இணைந்து ஆய்வு செய்தவர். புறோட்போக் மரபில் வளர்ந்த பரிசோதனை முறை இவ்வாறு தலவாக்கலைத் தேயிலை மலைகளுக்கு வந்து சேர்ந்தது. நைதரசன் இட்டால் கொழுந்து பெருகும் என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது.

எனினும், அமோனியம் உரத்துக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் உண்டாகின்றது. செடி உறிஞ்சாத நைத்திரேற்று மழைநீரோடு கீழிறங்குகையில் கல்சியத்தையும் மகனீசியத்தையும் உடன் கொண்டு செல்கின்றது. நூறு கிலோகிராம் அமோனியம் சல்பேற்று விளைக்கும் அமிலத்தன்மையை நீக்குவதற்கு ஏறக்குறைய 110 கிலோகிராம் சுண்ணாம்பு தேவை என்பது பொதுவான கணிப்பு. இங்கிலாந்தின் வோபேண் பரிசோதனை வயலில் 1876 முதல் அமோனியம் உப்புகள் தொடர்ந்து இடப்பட்ட பாத்திகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்லி விளையாத அளவுக்கு அமிலமாயின. பயிர் பட்டுப்போனமையே அங்கு உழவனுக்கு எச்சரிக்கையாக அமைந்தது.

தேயிலையின் இயல்பு வேறு. அமில மண்ணை விரும்பும் பயிர் அது. அமில மண்ணில் கரைந்துவரும் அலுமினியம் ஏனைய பயிர்களின் வேரைக் கருக்கும். தேயிலையோ அதனைத் தன் இலைகளில் ஏற்றுக்கொள்ளும். ஆகவே பார்லி எழுப்பிய எச்சரிக்கையைத் தேயிலை எழுப்பவில்லை. மண்ணின் அமிலகாரச் சுட்டெண் 4.5இலும் தாழ்ந்த பின்னரும் செடி பசுமையாகவே நின்றது. மண்ணுக்கு நேர்ந்த தீங்கு மகனீசியக் குறைபாடாகவும், இட்ட உரத்துக்கு ஏற்ற பலன் கிடையாமையாகவும், மண்புழு அருகி மண் இறுகியமையாகவும் மெதுவாகவே வெளிப்பட்டது. கவ்வாத்துக்கு ஒருமுறை மண்ணைச் சோதித்துத் தொலமைற்று இடவேண்டும் என்று ஆராய்ச்சி நிலையம் விதந்துரைத்தமைக்கும், காலப்போக்கில் அமோனியம் சல்பேற்றின் இடத்தை யூரியா பெருமளவு பிடித்தமைக்கும் இதனோடு தொடர்புண்டு. ஒரே அளவு நைதரசனுக்கு யூரியா உண்டாக்கும் அமிலம், அமோனியம் சல்பேற்று உண்டாக்குவதிலும் குறைவு.

கான் வெட்டியோர்

உரம் மண்ணில் நிலைப்பதற்கு மண் சரிவில் நிலைக்க வேண்டும். அதற்குரிய கருவியே கான். மழைநீரைத் தடுத்து வழிநடத்துவதற்காகச் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படும் வாய்க்கால்களைத் தோட்டத் தமிழ் கான் என்று வழங்குகின்றது. கான் வெட்டு, முள்ளுக்குத்து, கவ்வாத்து ஆகியன ஆண் தொழிலாளரின் கடும் பணிகள். இவற்றை நூல் வழி அறியாது கைவழி அறிந்து, எந்தச் சரிவில் ஊற்று எழும், எந்த மழைக்கு எந்தக் கான் நிரம்பும் என்று கணித்தவர்கள் அத்தொழிலாளர்களே.

தொடக்ககாலக் கான்கள் குறைபாடுடையன. அவை நீரை விரைந்து வெளியேற்றுவதையே நோக்கமாகக் கொண்டு அதிக சரிவில் வெட்டப்பட்டன. விரைந்தோடிய நீர் மண்ணையும் அள்ளிச் சென்றது. விதைச் செடிகளும் சரிவுக்கு நேராக, மேலிருந்து கீழாக வரிசையிடப்பட்டமையால் வரிசைகளின் இடைவெளிகளே ஓடைகளாயின. 1931இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த அரச குழுவின் அறிக்கை வெளிவந்தது. 1951இல் மண் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆராய்ச்சி நிலையமும் தோட்டங்களும் இக்காலத்தில் வேறு வகைக் கானை ஏற்றன. மிகக் குறைந்த சரிவில் சமவுயரக் கோட்டை ஒட்டி வெட்டப்பட்டு, இடையிடையே குழிகளும் தடுப்புகளும் கொண்ட கான் அது. நீர் ஒவ்வொரு குழியிலும் தங்கி, மண்ணைப் படியவிட்டு, மிகுதி மட்டும் வழிந்து அடுத்த குழிக்குச் செல்லும். குழியிற் படிந்த வண்டலைக் காலந்தவறாது அள்ளி மேற்புறச் செடிகளின் அடியில் இடவேண்டும். அள்ளாதுவிடின் அடுத்த பெருமழையில் கான் உடைந்து, கான் இல்லாத சரிவிலும் கூடிய சேதத்தை விளைவிக்கும்.

ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடத்தக்கதன்று கான். அதன் பயன் அதனைத் துப்புரவு செய்யும் கைகளைப் பொறுத்தது. இலங்கையில் மேற்கொள்ளப்பட்ட அளவீடுகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. நெருங்கிய செடிமூடாக்கும் காப்பு வேலைகளும் உள்ள தேயிலை நிலம் ஆண்டுக்கு ஹெக்டேயருக்கு ஒரு தொன்னுக்கும் குறைவான மண்ணையே இழக்கின்றது. இடைவெளி விழுந்த, காப்பற்ற விதைத் தேயிலை நிலமோ பத்துக்கணக்கான தொன் மண்ணை இழக்கின்றது. பயிர் ஒன்றே, மழையும் ஒன்றே. வேறுபாடு மூடாக்கிலும் பராமரிப்பிலும் உள்ளது.

புல் நின்ற ஈராண்டு

தேயிலைக்குச் சுழற்சி முற்றிலும் இல்லை என்று கூறுவதும் முழு உண்மையன்று. 1950களின் இறுதியில் மீள்நடுகைக்கு அரசு மானியம் வழங்கத் தொடங்கியதும் முதிர்ந்த விதைத் தேயிலை பிடுங்கப்பட்டு, ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த பதியக் கன்றுகள் நடப்பட்டன. இக்கன்றுகள் சமவுயரக் கோட்டில் வரிசையிடப்பட்டன. பழைய செடியைப் பிடுங்கிய உடனே புதியதை நடுதல் தகாது என்றும், இடையில் பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வரை குவாத்தமாலாப் புல்லை அல்லது மானாப்புல்லை வளர்க்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது.

இப்புல் உயர்ந்து அடர்ந்து வளரும். அதனை அவ்வப்போது வெட்டி அவ்விடத்திலேயே பரப்பினால் மண்ணுக்கு மூடாக்கும் மக்கும் கிடைக்கும். அதன் செறிந்த வேர்கள் இறுகிய மண்ணைத் துகள்களாக்கி நீர் உட்புக வழிசெய்யும். தேயிலை வேரைத் தாக்கும் வட்டப்புழுக்கள் தம் உணவை இழந்து குறையும். சமவெளி உழவன் ஆண்டுதோறும் செய்யும் சுழற்சியைத் தேயிலை நிலம் அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளும் வாய்ப்பு இவ்வீராண்டே ஆகும். மண்ணின் அடர்த்தி, நீரேற்கும் திறன், உயிர்ப்பொருளின் அளவு ஆகிய மூன்றையும் ஒருங்கே சீர்செய்யும் ஆற்றல் உரமூட்டை எதற்கும் இல்லை.

ஆயினும் அவ்விரண்டு ஆண்டும் அதற்குப் பின் கன்று பயன்தரும் வரையிலான காலமும் நிலம் வருவாய் தராது. கணக்கேட்டில் புல் ஒரு செலவாகவே பதியப்படும். மண்ணில் அது சேர்த்த வளம் எந்த வரவுப் பத்தியிலும் இடம்பெறாது. ஆண்டுக்கு 2 வீதமான நிலம் மீள்நடுகை பெறவேண்டும் என்ற இலக்கு நெடுங்காலம் எட்டப்படாமற் போனமைக்கும், சிற்சில இடங்களில் புல்லின் காலம் சுருக்கப்பட்டமைக்கும் இதுவே காரணமாகும்.

கைமாறிய நிலம்

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேரின் நிலை 1974இல் தீர்மானிக்கப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் புறப்பட்டனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து உலகெங்கும் உரவிலை ஏறியது. உரிமை கைமாறிய குழப்பமும் உரத்தட்டுப்பாடும் தொழிலாளர் வெளியேற்றமும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. சரிவை அறிந்த கைகள் விலகியபோது அச்சரிவைப் பற்றிய அறிவும் அவற்றோடு விலகியது.

நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியைத் தொழிலாளர் எதிர்த்தனர். 1977 மே மாதத்தில் தலவாக்கலைக்கு அணித்தான டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குச் சிவனு லெட்சுமணன் பலியானார். தமக்கென ஓர் அடி நிலமும் இல்லாதோர், தாம் கான் வெட்டிக் காத்த நிலம் துண்டாடப்படுவதை எதிர்த்து உயிர் கொடுத்தமை மலையக மண் வரலாற்றிலும் இடம்பெற வேண்டிய நிகழ்ச்சியாகும்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது மூன்று இலட்சத்துக்கும் மேலாக இருந்த தோட்டத் தொழிலாளர் தொகை அடுத்த முப்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே இறங்கியது. கொழுந்து பறித்தல் நாள்தோறும் வருவாய் தருவது; கான் துப்புரவு செய்தல் என்றோ வரும் இழப்பைத் தவிர்ப்பது. ஆட்பற்றாக்குறை நேர்ந்தபோது முதலில் கைவிடப்பட்டது இரண்டாவது பணியே.

இதன் பயனை ஆறுகள் காட்டின. 1976இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணைக்கட்டின் நீர்த்தேக்கத்தில் 1988 அளவில் கொள்ளளவின் 44 வீதம் வண்டலால் நிரம்பிவிட்டதாக மதிப்பிடப்பட்டது. இப்பழி தேயிலையை மட்டும் சார்ந்ததன்று. நுவரெலியா, கந்தப்பளைப் பகுதிகளில் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், கோவா ஆகியன மாறிமாறிப் பயிரிடப்படுகின்றன. பெயரளவில் இது சுழற்சியே. ஆயினும் ஆண்டில் பலமுறை கொத்தப்படும் மண்ணும், நீர் விரைந்து வடியச் சரிவின் வழியே வெட்டப்படும் வாய்க்கால்களும், தேவைக்கு மிஞ்சி இடப்படும் இரசாயன உரமும் கோழியெருவும் அச்சுழற்சியின் பயனைக் கெடுக்கின்றன. பொசுபரசு மண்ணில் மிகையாகத் தேங்குகின்றது. நைத்திரேற்று நீரிற் கலக்கின்றது. மண்ணை மூடிவைக்காத சுழற்சி மண்ணைக் காப்பதில்லை என்பதற்கு இது சான்று.

நீரின் வழியைப் பேணாமை உயிரிழப்புக்கும் இட்டுச்செல்லும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஊவாவில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண்சரிவு புதைத்தது. அவ்விடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எண்ணற்ற சரிவுகளைப் பெயர்த்தது. இத்தகைய அனர்த்தங்களுக்குப் பாறை அமைப்பு, அடைமழை எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் சரிவில் ஊறும் நீர் எங்கே தேங்குகின்றது, எவ்வழி வெளியேறுகின்றது என்பதைக் கவனிப்பார் இன்மையும் அவற்றுள் ஒன்று. வலுவற்ற சரிவில் நீரைக் குழியில் தேக்காது பாதுகாப்பாக வெளியேற்றுவதே தகும். எவ்விடத்தில் எது தகும் என்று தெரிவதற்கு இடத்தை அறிந்தவர் வேண்டும்.

திரை விலகிய ஆண்டு

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் விலையேற்றமும் அந்நியச் செலாவணி நெருக்கடியும் தொடர்ந்தன. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோகிராம் அளவுக்கு வீழ்ந்தது. இவ்வீழ்ச்சிக்குத் தடையின் திடீர்த்தன்மை முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. கணக்கொன்றே இதனை விளக்கும். ஒரு ஹெக்டேயர் தேயிலை ஆண்டுதோறும் இழக்கும் நைதரசனை, ஒரு வீதம் நைதரசன் கொண்ட கூட்டெருவால் ஈடுசெய்ய ஏறக்குறைய ஏழு தொன் எரு வேண்டும். அதனை உண்டாக்குவதற்குக் குழையும் சாணமும் வேண்டும். செங்குத்தான மலைக்கு அதனைச் சுமந்து செல்லத் தோள்கள் வேண்டும். மூன்றுக்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

எனினும் இவ்வீழ்ச்சியில் ஆழ்ந்த உண்மை ஒன்றும் வெளிப்பட்டது. உயிர்ப்பொருள் நிறைந்த மண், உரம் நின்ற பின்னரும் சில காலம் தன் சேமிப்பிலிருந்து பயிரைத் தாங்கும். நூற்றாண்டுக்கும் மேலாக மேல்மண்ணை இழந்து வந்த சரிவுகளில் அத்தகைய சேமிப்பு மிகக் குறைவு. உரமூட்டையில் வந்த நைதரசன் மண்ணிலிருந்து மறைந்த வளத்தை ஆண்டுதோறும் மூடி மறைத்து வந்தது. மூட்டை நின்றதும் திரை விலகிற்று. உரத்தைப் பழித்தலும் தடையைப் புகழ்தலும் இதற்குத் தீர்வாகா. உரமின்றேல் இந்நிலங்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கைவிடப்பட்டிருக்கும். உரம் மட்டுமே போதும் என எண்ணியமையே பிழையாகும்.

முடிவுரை

வட்டகொடைச் சரிவுகளின் வரலாற்றை நோக்குமிடத்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, உரம் சுழற்சியின் ஒரு பணியை மட்டுமே ஏற்கவல்லது. சத்தை அது வழங்கும், மண்ணின் கட்டமைப்பை வழங்காது. இரண்டாவது, உரத்தின் பயனும் கேடும் நீரின் வழியைப் பொறுத்தவை. கான் கெட்ட நிலத்தில் இடப்படும் உரம் ஆற்றுக்கு இடப்படும் உரமாகும். மூன்றாவது, கானும் புல்லும் குழையும் மனித உழைப்பினாலும் பொறுமையினாலும் ஆனவை. அவற்றின் பலன் பல ஆண்டு கழித்தே கிட்டும்.

இம்மூன்றாவது செய்தி இன்று தனிக் கவனத்துக்குரியது. தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்கு விலை வழங்கும் முறை தோட்டங்களில் பரவி வருகின்றது. செடியைப் பறிக்கும் உரிமை மட்டும் கொடுத்து நிலத்தின்மேல் நீண்டகால உரிமை கொடாதுவிடின், ஈராண்டு புல் வளர்க்கவோ கானின் வண்டலை அள்ளவோ எக்குடும்பமும் முன்வர இயலாது. அடுத்த ஆண்டும் இம்மலை தன்னிடம் இருக்குமா என்று அறியாதவர் இவ்வாண்டின் கொழுந்தையே நாடுவார். இதனை அவருடைய குறை எனக் கருதுதல் தகாது. கோப்பிக் காலத் துரைமாரும் இதனையே செய்தனர், அவர்களுக்கோ உறுதியும் மூலதனமும் இருந்தன.

ஆகவே மலையகத்தில் காணியுரிமை பற்றிய வினா வீட்டுக்கென ஏழு பேர்ச் நிலம் வழங்குவதோடு முடிந்துவிடுவதன்று. மண்ணைப் பேணும் கடமை யாருக்கு, அதன் பயன் யாருக்கு என்பவை ஒரே வினாவின் இரு பகுதிகளாகும். கடமை ஒருவரிடமும் பயன் மற்றொருவரிடமும் இருந்த காலமெல்லாம் மண் ஆற்றோடு போயிற்று என்பதே இச்சரிவுகளின் வரலாறு காட்டும் உண்மை. ஆறு தலைமுறைகளாகக் கான் வெட்டிய மக்களின் கையில் அக்கானுக்கு மேலும் கீழும் உள்ள நிலம் உரிமையோடு சேருமாயின், எஞ்சியிருக்கும் மண்ணாவது மலையில் நிற்கும்.